இடையர் பூசையும் இரவு வேலையும்

டிசம்பர் மாத நாட்காட்டியில் 25ஆம் நாள் சிவப்பு எண்ணாக அச்சாகி வருகிறது. அரசு அலுவலகம், வங்கி, பள்ளி, கல்லூரி ஆகிய அனைத்தும் அன்று மூடியிருக்கும். ஆனால் தாம்பரம் தொடங்கிக் குரோம்பேட்டை, பல்லாவரம், பெருங்களத்தூர், வண்டலூர் என விரிந்து கிடக்கும் நம் புறநகர்ப் பங்குகளின் குடும்பங்களை எண்ணிப் பார்த்தால், அந்தச் சிவப்பு எண் எல்லா வீட்டுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை என்பது புலனாகும். ரயில்வே ஊழியருக்கு அது மற்றொரு பணிநாள். மருத்துவமனைச் செவிலியருக்கு முறைப்பட்டியலில் ஒரு கட்டம். துணிக்கடையில் நாள் முழுதும் நிற்கும் பெண்ணுக்குக் கூட்டம் நிறைந்த ஒரு வாரத்தின் நடுப்பகுதி.

பிள்ளைகளின் நிலை வேறு. அரையாண்டுத் தேர்வு முடிந்து புத்தாண்டு வரை அவர்கள் வீட்டில் இருப்பார்கள். பெற்றோருக்குக் கிடைப்பதோ ஒரு நாள். சில வீடுகளில் அதுவும் இல்லை. பகல் முழுதும் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது, குடிலை யார் கட்டுவது, முறுக்கும் அதிரசமும் எந்த இரவில் சுடுவது, ஊருக்குப் போக எத்தனை நாள் விடுப்புக் கேட்பது என்னும் கேள்விகள் திருவருகைக்காலத்தின் நான்காம் வாரத்தில் ஒரு தாயின் உள்ளத்தில் செபத்தைவிட அதிகமாக இடம் பிடிக்கின்றன. "ஃபாதர், இந்த வருஷம் ராத்திரிப் பூசைக்கு வர முடியாதுபோல இருக்கு, ஷிப்ட் போட்டிருக்காங்க. பாவமா ஃபாதர்?" என்று ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வெளியே நின்று கேட்போரை நாம் ஆண்டுதோறும் சந்திக்கிறோம். இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும், இந்த ஒரு நாள் ஓய்வு யாருக்கு, எப்படி, எப்போது கிடைத்தது என்னும் வரலாற்றை அறிந்தால், அந்த விடை இன்னும் தெளிவாக விளங்கும்.

எதிர்நோக்கும் தாய்

நம் புறநகருக்குக் கிறிஸ்து பிறப்புக் காலத்தோடு உள்ள உறவு மிகப் பழமையானது. புனித தோமையார் மலை உச்சியில் உள்ள ஆலயம் எதிர்நோக்கின் அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பேறுகாலம் நெருங்கிய நிலையில் மகனை எதிர்பார்த்திருக்கும் மரியாவே அந்த அன்னை. இவ்விழாவின் வேர் ஸ்பெயின் நாட்டில் உள்ளது. மங்கள வார்த்தைத் திருநாள் தவக்காலத்தில் வந்துவிடுவதால், அதைக் கிறிஸ்து பிறப்புக்கு எட்டு நாள் முன்பாக, டிசம்பர் 18 அன்று கொண்டாடலாம் எனத் தொலேதோ நகரில் 656இல் கூடிய சங்கம் முடிவு செய்தது. ஐபீரிய மண்ணில் வளர்ந்த அப்பக்தியைப் போர்ச்சுக்கீசியர் நம் மலைக்குக் கொண்டுவந்தனர். 1547இல் அங்கே கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை, 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி வேளையில் வியர்வை சிந்தியது என்பது மலையின் மரபு.

ஆக, தென்சென்னையின் கிறிஸ்து பிறப்பு விழா வரலாறு, சுமந்துகொண்டிருக்கும் ஒரு தாயின் திருவுருவோடு தொடங்குகிறது. அந்தத் தாய்க்கும் அந்த வாரம் ஓய்வு வாரமாக அமையவில்லை. பேரரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையால் நாசரேத்திலிருந்து பெத்லகேம்வரை பயணம் செய்ய வேண்டியிருந்தது (லூக் 2:1-5). சூசையப்பர் தச்சர், உழைத்துத்தான் வீட்டை நடத்தினார். வீரமாமுனிவர் 1726இல் நிறைவுசெய்த தேம்பாவணிக்கு அந்த உழைப்பாளியையே தலைவராக்கி, வளன் என்று பெயர் சூட்டியதை நாம் அறிவோம். தொழிலாளியான ஒரு தந்தையைக் காப்பியத் தலைவனாக்கிய பெருமை தமிழுக்கு உண்டு.

மீட்பர் பிறந்த செய்தியை முதலில் கேட்டவர்களும் பணியில் இருந்தவர்களே. இடையர்கள் இரவெல்லாம் விழித்து, ஆடுகளைக் காத்துக்கொண்டிருந்தார்கள் (லூக் 2:8). இன்றைய சொல்லில் கூறினால், அவர்கள் இரவு ஷிப்டில் இருந்தார்கள். குழந்தையைக் கண்டு, இறைவனைப் புகழ்ந்துகொண்டே அவர்கள் திரும்பிச் சென்றதாக நற்செய்தியாளர் எழுதுகிறார் (லூக் 2:20). அவர்கள் திரும்பிச் செல்ல வேண்டிய இடத்தில் மந்தை காத்திருந்தது.

இவ்வுண்மையை உரோமைத் திருவழிபாடு மறக்கவில்லை. கிறிஸ்து பிறப்பு நாளில் மூன்று திருப்பலிகள் நிறைவேற்றப்படுவதைப் பெரிய கிரகோரியார் ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலேயே குறிப்பிடுகிறார். நள்ளிரவில் தூய மரியா பேராலயத்திலும், விடியற்காலையில் புனித அனஸ்தாசியா ஆலயத்திலும், பகலில் புனித பேதுரு பேராலயத்திலும் திருத்தந்தை பலி நிறைவேற்றினார். இவற்றுள் விடியற்காலைப் பலியின் நற்செய்தி இடையர் வருகையைப் பற்றியதாதலால், அது இடையர் பூசை என வழங்கலாயிற்று. நள்ளிரவுப் பூசையின் ஒளியிலும் இசையிலும் இந்த எளிய பூசை பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது.

சட்டம் தந்த ஓய்வு

கிறிஸ்தவ நாடுகளில் உழைப்பாளருக்கு இந்நாள் தொடக்கம் முதலே ஓய்வுநாளாக இருந்தது என எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தின் நாடாளுமன்றம் 1647இல் இவ்விழாவையே தடைசெய்தது; 1660இல் முடியாட்சி மீண்ட பிறகே அது திரும்பியது. பின்னர் ஆலைகள் பெருகியபோது இயந்திரம் விழாவைப் பொருட்படுத்தவில்லை. 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம்தான் ஆலைகளில் வேலை செய்த சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கிறிஸ்து பிறப்பு நாளையும் பெரிய வெள்ளியையும் விடுமுறையாக உறுதிசெய்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மைய அரசு 1870இல்தான் டிசம்பர் 25ஐ விடுமுறையாக்கியது.

இந்தியாவில் இந்நாள் சட்ட ஏட்டில் இடம்பெற்ற வழி விந்தையானது. 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டம் ஞாயிற்றுக்கிழமை, புத்தாண்டு நாள், கிறிஸ்து பிறப்பு நாள், பெரிய வெள்ளி ஆகியவற்றைப் பொது விடுமுறைகளாகக் குறிப்பிட்டது. அன்று பணம் செலுத்தும் கெடு வந்தால் என்ன செய்வது என்பதை வரையறுக்கவே அவ்வாறு செய்தார்கள். எனவே அது வணிகரின் விடுமுறையாக, வங்கி எழுத்தரின் விடுமுறையாக, துரைமாரின் விடுமுறையாக இருந்தது. அதே 1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்களுக்கு மட்டும் மாதத்தில் நான்கு நாள் ஓய்வு தந்தது. வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது 1891ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இடம்பெற்றது. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்காக நாராயண மேகாஜி லோகாண்டே நடத்திய நெடிய போராட்டம் அதற்கு முன்னோடியாக நின்றது. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் உழைப்பாளர் நிலை பற்றிய ரேரும் நொவாரும் சுற்றுமடலை வெளியிட்டதும் அதே 1891ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். ஓய்வுநாள் முதலாளியின் சலுகை அன்று. ஆன்மாவையும் உடலையும் கொண்ட மனிதனின் உரிமை என்பதே அம்மடலின் போதனை.

தாம்பரம் வளர்ந்த கதை

சிற்றூராக இருந்த தாம்பரத்தை இன்றைய தாம்பரமாக்கியவை ரயிலும் மருத்துவமனையும் கல்லூரியும். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் இங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்நோய்க்கு அப்போது மருந்து இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்தான். தூய காற்று, நல்ல உணவு, நீண்ட ஓய்வு ஆகிய மூன்றுமே சிகிச்சை. தாயோ தந்தையோ பிள்ளைகளைப் பிரிந்து மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1993 முதல் எய்ட்ஸ் நோயாளிகளையும் அது அரவணைத்தது. அந்தப் படுக்கைகளின் அருகே எந்த டிசம்பர் 25ஆம் நாளும் செவிலியரின்றிக் கழிந்ததில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. வீடு ஓரிடம், வேலை வேறிடம் என்னும் வாழ்க்கை முறை நம் புறநகருக்கு அந்தத் தண்டவாளத்தின் வழியாகவே வந்தது. குரோம் லெதர் தோல் தொழிற்சாலையால் குரோம்பேட்டை பெயர் பெற்றது. பல்லாவரத்தில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை எழுந்தது. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் இந்த வழித்தடத்தின் இருபுறமும் குடியேறின. நம் பங்குகள் பலவற்றின் தொடக்கம் அக்குடும்பங்களின் வாடகை வீட்டுச் செபமாலைக் கூட்டங்களே.

1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டே பன்னாட்டு மறைபரப்பு மன்றத்தின் உலக மாநாடு அங்கே கூடியது. சீனாவில் நடைபெற வேண்டியிருந்த அம்மாநாடு, ஜப்பான் தொடுத்த போரினால் இங்கு மாற்றப்பட்டது. 1938 டிசம்பர் 12 முதல் 29வரை, 69 நாடுகளிலிருந்து வந்த 471 பேராளர்கள் ஜான் மோட்டின் தலைமையில் கூடினர். நம் கத்தோலிக்கத் திருச்சபை அதில் பங்கேற்கவில்லை. ஆயினும் ஒரு செய்தி நம் கருத்துக்குரியது: அத்தனை பேரும் அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவைத் தம் மனைவி மக்களைப் பிரிந்து, தாம்பரத்தின் மரநிழலில் கழித்தார்கள். பணியின் பொருட்டுக் குடும்பத்தைப் பிரிவது நம் காலத்தில் புதிதாகத் தோன்றிய துன்பம் அன்று.

ஐந்து நாள்களில் ஒரு நாள்

விடுதலைக்குப் பின், 1958இல், நம் மாநிலத்தில் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. குடியரசு நாள், விடுதலை நாள் ஆகியவற்றோடு பின்னாளில் மே நாளும் காந்தி பிறந்த நாளும் அதில் சேர்ந்தன. இவையன்றி, பண்டிகைகளுக்காக மேலும் ஐந்து நாள் ஊதியத்துடன் விடுமுறை உண்டு. எந்த ஐந்து என்பதை முதலாளி, தொழிலாளர் இருதரப்பையும் கலந்து முடிவு செய்ய வேண்டும். விடுமுறை நாளில் ஒருவர் வேலை செய்தால் அவருக்கு இரட்டை ஊதியம் அல்லது அந்நாள் ஊதியமும் மாற்று விடுமுறையும் தர வேண்டும்.

இதன் பொருளை நம் மக்களில் பலர் அறியவில்லை. அரசு விடுமுறைப் பட்டியலில் கிறிஸ்து பிறப்பு நாள் இருப்பதாலேயே தனியார் தொழிற்சாலையில் அது தானாக விடுமுறையாகிவிடாது. பொங்கல், தீபாவளி, ஆயுத பூசை, ரம்ஜான் ஆகியவற்றோடு அந்த ஐந்தில் ஒன்றாக அது தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அதற்காகப் பேசும் இடத்தில் நம் தொழிலாளர் வாய்திறக்க வேண்டும். அங்கே இந்து, இஸ்லாமியத் தோழர்கள் நமக்காகக் குரல் கொடுத்த பணிமனைகளை நாம் அறிவோம். அவ்வாறே அவர்களுடைய திருநாள்களில் அவர்களது முறையை நாம் ஏற்றுச் செய்வது அன்புக்கு அன்பு ஆகும்.

1984இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் நிறுவப்பட்டது. ஆடை தைப்பதும் மின்னணுக் கருவிகள் பொருத்துவதுமாகப் பெண்கள் பெருந்தொகையில் வேலைக்கு வந்தனர். நம் பங்கு இளம்பெண்கள் பலர் திருமணத்துக்கு முன் அங்கே சேர்ந்து, தாயான பின்பும் தொடர்ந்தனர். மேலைநாட்டுக் கடைகளின் கிறிஸ்மஸ் விற்பனைக்கான ஆடைகள் பல மாதங்களுக்கு முன்பே நம் போன்ற நாடுகளில் தைத்து அனுப்பப்படுகின்றன. பிறர் வீட்டு விழாவுக்குச் சட்டை தைத்த கைகள், தம் பிள்ளைக்குப் புத்தாடை எடுக்க ஒரு மாலை நேரத்துக்காக ஏங்குவது நம் காலத்தின் முரண்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களின் வேலை நேரத்தைக் காலை 6 மணி முதல் மாலை 7 மணிக்குள் அடக்கியது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் உள்ள ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 50 என்றிருந்த அந்த எண்ணிக்கை 1976இல் 30 ஆகக் குறைக்கப்பட்டது. 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், பெண்களின் இரவு வேலைக்கான தடையைச் சமத்துவத்துக்கு முரணானது என நீக்கி, பாதுகாப்பு நிபந்தனைகளை விதித்தது. வேலைவாய்ப்பில் சமநிலை நாடிய பெண்களுக்கு அது வெற்றி. அதே வேளையில், இரவில் வீட்டில் யார் இருப்பது என்னும் கேள்வி பல குடும்பங்களுக்குள் நுழைந்தது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின், கடல்கடந்த அலுவலகங்களின் கடிகாரத்துக்கு ஏற்ப விழித்திருக்கும் தந்தையரும் தாய்மாரும் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகப் பெருகினர். 2019 முதல் தமிழ்நாட்டில் கடைகள் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க அனுமதி உண்டு. துணிக்கடைப் பணியாளர் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்பதற்கோ 2021இல்தான் சட்டம் வந்தது.

திருச்சபை நேரத்தை வளைத்தது

இம்மாற்றங்களின் நடுவே தாய்த் திருச்சபை சும்மா இருக்கவில்லை. முற்காலத்தில் நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாமல் நோன்பிருந்தே நற்கருணை வாங்க வேண்டும். பிற்பகலில் திருப்பலி நிறைவேற்றும் வழக்கமும் இல்லை. இரவு வேலை முடித்து வருவோருக்கு இது எத்துணைக் கடினம்! திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1953இல் நோன்பு விதியைத் தளர்த்தி, மாலைத் திருப்பலிக்கும் இடமளித்தார். தொழிற்சாலைகளில் இரவும் பகலும் முறைவைத்து உழைப்போரின் நிலையை அவர் அப்போது கருத்தில் கொண்டிருந்தார். அவரே 1955இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் 1923இல் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடி 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் வெளியிட்ட சுற்றுமடலில், வேலையின் ஒழுங்குமுறை குடும்பத்தின் தேவைகளுக்கு, சிறப்பாகத் தாயின் பொறுப்புக்கு, இணங்கி அமைய வேண்டுமே அன்றிக் குடும்பம் வேலையின் ஒழுங்குக்குப் பலியாகக் கூடாது என்னும் கருத்தை வலியுறுத்தினார்.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கிறிஸ்து பிறப்பைக் கடன்திருநாளாக வைத்துள்ளது (1246). முந்தைய நாள் மாலையில் பங்கேற்கும் திருப்பலியும் அக்கடமையை நிறைவு செய்யும் (1248). தக்க காரணம் இருந்தால், அக்கடமையிலிருந்து தனி ஒருவருக்கு விலக்களிக்கப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு (1245). நோயாளியைக் காக்கும் செவிலியர், ரயிலை இயக்கும் ஓட்டுநர், விட்டுவர இயலாத ஷிப்டில் இருக்கும் தாய் ஆகியோர் பாவம் செய்யவில்லை. வாசலில் நின்று கேட்ட அந்தத் தாய்க்கு நாம் கூறும் விடை இதுவே.

வெள்ளம் சொன்ன பாடம்

2015 டிசம்பர் முதல் இரு நாள்களில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் நீரில் மூழ்கின. அரையாண்டுத் தேர்வுகள் சனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டன. சேற்றை வாரிக் கழுவிய பெற்றோர், பகலில் வேலைக்குச் சென்று, இரவில் பிள்ளைகளின் நனைந்த புத்தகங்களை உலர்த்தினார்கள். குடில்கள் பலவற்றில் வைக்கோலுக்குப் பதில் வெறுந்தரை இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அத்துன்பத்தை மீண்டும் கொணர்ந்தது. அந்நாள்களில் ஒரு வீட்டுப் பிள்ளைகளை மற்றொரு வீட்டார் பார்த்துக்கொண்டனர், சமையல் பொதுவாயிற்று, எவர் எந்தச் சமயம் என யாரும் கேட்கவில்லை. வெள்ளம் வடிந்ததும் அந்தப் பழக்கமும் வடிந்துவிட்டதே என்பதுதான் நம் வருத்தம்.

நம் வாசற்படிக்குள்

இவ்வரலாற்றில் ஓர் இடைவெளி எஞ்சியிருக்கிறது. 1833இல் சிறுவருக்கு, 1881இல் வங்கிக்கு, 1891இல் ஆலைக்கு, 1958இல் தொழில் நிறுவனத்துக்கு என விரிந்த விடுமுறைச் சட்டம், வீட்டு வாசற்படியில் வந்து நின்றுவிட்டது. வீட்டுவேலை செய்யும் பெண்கள் அந்த 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. தமிழக அரசு 2007இல் அவர்களுக்கு ஒரு நலவாரியம் அமைத்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் வாரத்துக்குக் குறைந்தது 24 மணி நேரத் தொடர் ஓய்வு அவர்களுக்கு வேண்டும் என உடன்படிக்கை கண்டது. இந்தியா அதை ஏற்றுறுதி செய்யவில்லை.

தனக்கு விடுப்புத் தராத மேலாளரைப் பற்றி மனம் நொந்து பேசும் நாம், 25ஆம் நாள் காலை பாத்திரம் துலக்க வரும் பெண்ணை எண்ணுகிறோமா? அவரும் தாய், அவர் பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. அவர் கிறிஸ்தவராயின் அது அவருடைய திருநாள். இல்லையாயினும் அவர் நம் திருநாளின் விருந்தினர். அவருக்கு அன்று ஊதியத்துடன் ஓய்வு தர எந்தச் சட்டமும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனாலேயே அது நம் விசுவாசத்துக்கு விடப்பட்ட பொறுப்பாகிறது.

பங்கு என்னும் பெரிய குடும்பமும் சிலவற்றைச் செய்யலாம். மறக்கப்பட்ட இடையர் பூசையை, இரவு வேலை முடிந்து முதல் ரயிலில் இறங்குவோருக்கு ஏற்ற நேரத்தில் மீண்டும் வைக்கலாம். பாடற்பயிற்சியையும் கேரல் பவனியையும் ஓய்வுள்ளோரின் வசதிக்கே அமைக்காமல், ஷிப்ட் முறையையும் கேட்டு அமைக்கலாம். தேர்வு முடிந்த நாள் முதல் புத்தாண்டு வரை, மறைக்கல்வி அறைகளைப் பகலில் திறந்துவைத்து, பணிக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகளை ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அன்பியத்துத் தாய்மாரும் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தெற்கே உள்ள பாட்டி கிளாம்பாக்கம்வரை பேருந்தில் வந்து இறங்கி இப்பணியைச் செய்யும் வீடுகள் பேறு பெற்றவை; பாட்டி இல்லாத வீட்டுக்குப் பங்கே பாட்டி.

வீட்டில் எல்லாரும் கூடும் நேரம் 25ஆம் நாள் வாய்க்கவில்லையெனில் மனம் தளர வேண்டா. திருச்சபை இப்பெருவிழாவை எட்டு நாள் கொண்டாடுகிறது. அந்த எண்கிழமையின் ஞாயிறு திருக்குடும்பத்தின் திருநாள். அந்த எட்டு நாள்களில் தந்தையும் தாயும் பிள்ளைகளும் ஒருசேர அமரும் ஒரு வேளை உணவு, ஒரு செபமாலை, குடில்முன் ஒரு பாடல் போதும். மந்தையை விட்டுவர இயலாதவர்களிடம்தான் வானதூதர் முதலில் சென்றார். ஆகவே, பணி அழைக்கும் நம் சகோதர சகோதரிகள் அமைதியோடு பணிக்குச் செல்லட்டும். அவர்கள் திரும்பி வரும்வரை அவர்களுடைய பிள்ளைகளுக்கு விளக்கேற்றி வைத்திருப்பது நம் கடமை.